வில்லர்பான்: பெருநகரின் பக்கத்தில் தனித்து நின்ற ஊர்

பிரான்சின் தென்கிழக்கில், லியோன் மாநகரின் கிழக்கு எல்லையை ஒட்டியிருக்கும் நகரம் வில்லர்பான். பரப்பளவு சுமார் 14.5 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 1,60,000. பிரான்சின் பெரிய நகரங்களை வரிசைப்படுத்தினால் இருபதாவது இடத்தையொட்டி இதன் பெயர் வரும். பெருநகரம் ஒன்றின் புறநகராக இருக்கும் ஊர்களில் நாட்டிலேயே மக்கள்தொகை மிகுந்தது இதுதான். அப்படியிருந்தும் வெளிநாட்டுப் பயணிகளில் பலர் இந்த ஊருக்குள் வந்துபோனதை அறியாமலே திரும்புகிறார்கள். லியோனின் சாலைகள் அப்படியே நீண்டு வில்லர்பானுக்குள் நுழைகின்றன. இரண்டு ஊருக்கும் இடையே வயலோ ஆறோ வெட்டவெளியோ கிடையாது. தெருப் பலகைகளையும் அரசு அலுவலகங்களின் பெயர்ப் பலகைகளையும் கவனித்தால்தான் எல்லை கடந்தது தெரியும்.

கட்டடங்களால் ஒன்றாகிப்போன இரு ஊர்கள் நிர்வாகத்தில் இன்றும் இரண்டாகவே இருக்கின்றன. அதற்குக் காரணம் ‘கம்யூன்’ என்ற அமைப்பு.

கம்யூன் என்பது என்ன?

பிரான்சின் உள்ளாட்சியில் அடித்தள அலகு கம்யூன். பிரெஞ்சுப் புரட்சி தொடங்கிய 1789ஆம் ஆண்டின் இறுதியில் இயற்றப்பட்ட சட்டம் இதற்கு வடிவம் கொடுத்தது. இன்று நாடு முழுவதும் ஏறக்குறைய 35,000 கம்யூன்கள் உள்ளன. சில நூறு பேர் வாழும் மலைக்கிராமமும் கம்யூன்தான். லட்சக்கணக்கானோர் வாழும் நகரமும் கம்யூன்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நகர மன்றம் உண்டு. மக்கள் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை மன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பிறப்பு, இறப்புப் பதிவு, தொடக்கப்பள்ளிக் கட்டடங்களின் பராமரிப்பு, நூலகம், விளையாட்டுத் திடல், கட்டட அனுமதி ஆகியவை கம்யூனின் பொறுப்புகளில் முக்கியமானவை. திருமணமும் நகர மன்றத்தில்தான் நடக்க வேண்டும். தேவாலயத்தில் தாலிக்கு ஒப்பான மோதிரம் மாற்றிக்கொள்ள விரும்பும் மணமக்களும், முதலில் மேயர் முன்னிலையில் கையெழுத்திட்ட பிறகே அங்கே போக முடியும். இதனால் பிரெஞ்சு மக்களுக்கு மேயர் மிகவும் அறிமுகமான ஆட்சியாளர். கம்யூன் அவர்களுடைய ஊர் அடையாளத்தின் உறைவிடம். பெரிய நகரம் பக்கத்து ஊரை விழுங்க முற்படும்போதெல்லாம் எதிர்ப்பு கிளம்புவதும் இதனால்தான்.

எல்லைக் கோட்டின் கதை

வில்லர்பானின் தொடக்கம் ரோமானியர் காலத்தது. ரோமானிய கோல் நாட்டின் தலைநகராக லியோன் விளங்கியபோது, அதன் கிழக்கே இருந்த பண்ணை நிலங்களில் ஒன்றிலிருந்து இந்த ஊரின் பெயர் வந்தது. பழைய கிராமம் கியூசே என்னும் மேட்டுப் பகுதியில் இருந்தது. மேற்கே ரோன் ஆற்றை நோக்கிய சமவெளி தாழ்வானது. அடிக்கடி வெள்ளம் புகும். 1856 மே மாத இறுதியில் ரோன் கரை உடைத்துப் பெருகியபோது, ஆற்றின் இடக்கரையில் மண்சுவர் வீடுகள் வரிசை வரிசையாகச் சரிந்தன. ஆற்றங்கரையில் உறுதியான கரைகள் எழும்பிய பிறகே அந்தச் சமவெளி பெருமளவில் குடியிருப்பாக மாறியது.

நிர்வாகத்தில் வில்லர்பான் நெடுங்காலம் லியோனோடு சேர்ந்திருக்கவில்லை. அது தோஃபினே மாகாணத்தின் பகுதி. புரட்சிக்குப் பின் இசேர் மாவட்டத்தில் இருந்தது. 1852இல்தான் லியோன் இருக்கும் ரோன் மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது. அதே ஆண்டில் குருவா-ரூஸ், வேஸ், கியோத்தியேர் ஆகிய மூன்று புறநகர்களை லியோன் தன்னோடு இணைத்துக்கொண்டது. வில்லர்பான் தப்பியது.

லியோன் அத்துடன் நிறுத்திக்கொள்ளவில்லை. பின்வந்த ஆண்டுகளிலும் இணைப்புத் திட்டங்கள் எழுந்தன. லியோனின் புகழ்பெற்ற தேத்-தோர் பூங்கா ஒருகாலத்தில் வில்லர்பான் எல்லைக்குள் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது லியோனுக்குப் போனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோன் மேயராக இருந்த விக்தொர் ஒகாஞர் முழு ஊரையும் இணைக்க முயன்றார். வில்லர்பான் மன்றம் உறுதியாக எதிர்த்தது, திட்டம் நிறைவேறவில்லை.

இந்த எதிர்ப்புக்குப் பின்னால் பணக் கணக்கும் இருந்தது. அன்றைய பிரெஞ்சு நகரங்கள் தம் எல்லைக்குள் வரும் மது, இறைச்சி, எரிபொருள், கட்டுமானப் பொருள்களுக்கு நுழைவு வரி வசூலித்தன. லியோனில் இந்த வரி 1901இல்தான் ஒழிக்கப்பட்டது. எல்லைக்கு வெளியே இருந்த வில்லர்பானில் பொருள்கள் மலிவு, நிலமும் மலிவு. எனவே, ஆலைகள் வைக்க நினைத்த முதலாளிகளும், அவற்றில் வேலை தேடி வந்த தொழிலாளிகளும் எல்லையைத் தாண்டி வந்து குடியேறினார்கள்.

ஆலைகளும் ஆறும்

லியோன் பட்டுக்குப் பேர்போன நகரம். 19ஆம் நூற்றாண்டில் பட்டுத் தொழில் கைத்தறியிலிருந்து இயந்திரத்துக்கு மாறியபோது, பெரிய கொட்டகைகளும் சாயமிடத் தேவையான தண்ணீரும் வேண்டியிருந்தன. நெருக்கடியான பழைய லியோனில் அவற்றுக்கு இடமில்லை. நெசவாலைகள், சாய ஆலைகள், அவற்றைத் தொடர்ந்து இரசாயன, உலோக, மின்சாதனத் தொழிற்சாலைகள் என்று வில்லர்பான் நிறைந்தது.

இந்தத் தொழில் வளர்ச்சிக்கு மின்சாரம் தந்தது கியூசே நீர்மின் நிலையம். ரோன் ஆற்றின் நீரில் ஒரு பகுதியை நகருக்கு மேலே பிரித்து, ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜொனாஜ் என்ற கால்வாயை வெட்டினார்கள். ஆற்றின் இயல்பான சரிவைவிடக் குறைந்த சரிவில் கால்வாய் ஓடுவதால், நிலையத்தை அடையும்போது அதன் நீர்மட்டம் ஆற்றைவிடப் பல மீட்டர் உயரத்தில் நிற்கும். அந்த உயர வேறுபாட்டில் விழும் நீர் விசையாழிகளைச் சுழற்றுகிறது. 1899இல் இயங்கத் தொடங்கியபோது உலகின் பெரிய நீர்மின் நிலையங்களில் இதுவும் ஒன்று. லியோனின் ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் இங்கிருந்து மின்சாரம் போனது. நூற்றாண்டைக் கடந்தும் நிலையம் இயங்குகிறது. அரண்மனை முகப்புப் போன்ற அதன் நீண்ட கட்டடம் கால்வாயின் குறுக்கே இன்றும் அப்படியே நிற்கிறது.

கால்வாய் வெட்டவும் ஆலைகளில் உழைக்கவும் இத்தாலியர்கள் பெருமளவில் வந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து ஸ்பானியர்கள், ஆர்மீனியர்கள், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள், பிற்காலத்தில் அல்ஜீரியா உள்ளிட்ட வட ஆப்பிரிக்க நாட்டினர் என்று குடியேற்றம் நீண்டது. 20ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் மக்கள்தொகை இரு மடங்குக்கும் மேல் பெருகி, 1930களின் தொடக்கத்தில் 80,000 அளவை எட்டியது. ஆனால் ஊருக்கு மையம் என்று ஒன்று இல்லை. ஆலைக் கொட்டகைகளுக்கு நடுவே சிதறிய குடியிருப்புகள், காற்றோட்டமில்லாத அறைகள், அவற்றில் பரவிய காசநோய். இதுதான் அன்றைய வில்லர்பான்.

மருத்துவர் கட்டிய நகர மையம்

நிலைமையை மாற்றத் துணிந்தவர் லசார் கூஜோன். மருத்துவர், சோசலிஸ்ட் கட்சிக்காரர். அவருக்கு முந்தைய மேயர்களில் ஒருவரான ஜூல் கிராங்கிளேமானும் மருத்துவரே, சோசலிஸ்டே. 1924இல் மேயரான கூஜோன், தொழிலாளிக்கு நோய் வந்த பிறகு மருந்து கொடுப்பதைவிட, நோய் வராத வீட்டைக் கட்டித் தருவதே மேல் என்று கருதினார்.

முதலில் ‘உழைப்பு மாளிகை’ என்ற கட்டடம் எழுந்தது. ஒரே கூரையின் கீழ் நாடக அரங்கு, நீச்சல் குளம், தொழிற்சங்கங்களுக்கும் சங்கங்களுக்கும் கூட்ட அறைகள், மருத்துவ நிலையம் எல்லாம் அதில் இருந்தன. வடிவமைத்தவர் மோரிஸ் லெரூ. அதன் எதிரே புதிய நகர மன்றக் கட்டடம் வந்தது. அதன் கட்டடக் கலைஞர் ரொபேர் ஜிரூ. இரண்டுக்கும் நடுவே சதுக்கம். நகர மன்றத்தின் மறுபுறம் தொடங்கும் அகன்ற நிழற்சாலையின் இரு பக்கமும் தொழிலாளர் குடும்பங்களுக்கான அடுக்குமாடி வீடுகள். மொத்தத் தொகுதிக்கும் நிலைத்துவிட்ட பெயர் ‘கிராத்-சியேல்’, அதாவது வானளாவிகள்.

பெயர் மிகையல்ல. 1930களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் உயர்ந்த குடியிருப்புகள் அரிது. இங்கே சாலையின் நுழைவாயிலில் 19 தளங்களோடு இரண்டு கோபுரங்கள் நிற்கின்றன. உயரம் சுமார் 60 மீட்டர். அவற்றைத் தொடர்ந்து வரும் கட்டடங்கள் ஏறத்தாழ பத்துத் தளங்கள் கொண்டவை. செங்கல் சுவர்மீது சுமையை ஏற்றாமல், எஃகுச் சட்டகத்தை எழுப்பி அதை நிரப்பும் அமெரிக்க முறை கையாளப்பட்டது. மேல் தளங்கள் படிப்படியாக உள்வாங்கியிருக்கும். இதனால் சாலைக்கு வெயில் இறங்கும். மேல் வீடுகளுக்குத் திறந்த மாடியும் கிடைக்கும். கீழ்த்தளம் முழுவதும் கடைகள். வெள்ளை நிறச் சுவர்களில் ஆடம்பர வேலைப்பாடு ஏதும் இல்லை. நேர்கோடுகளும் உயரமுமே அழகு.

சுமார் 1,500 வீடுகள் கட்டப்பட்டன. மின்சாரம், குழாய் நீர், மின்தூக்கி ஆகியவற்றோடு, ஒரே கொதிகலன் நிலையத்திலிருந்து குழாய்கள் வழியாக எல்லா வீடுகளுக்கும் வெப்பம் கொண்டுவரும் ஏற்பாடும் இருந்தது. லியோனின் பழைய வீடுகளில் நிலக்கரியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிய குடும்பங்களுக்கு இது புதுவாழ்வு. இவ்வளவு பெரிய வேலையை நகர மன்றத்தால் நேரடியாகச் செய்ய முடியவில்லை. எனவே, 1931இல் மன்றமும் தனியார் முதலீடும் சேர்ந்த ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1934இல் கிராத்-சியேல் திறந்துவைக்கப்பட்டது.

காலம் மட்டும் ஒத்துழைக்கவில்லை. உலகப் பொருளாதார மந்தம் பிரான்சையும் பிடித்திருந்தது. வீடுகளுக்கு எதிர்பார்த்த வேகத்தில் ஆள் வரவில்லை. கடன் சுமை நகர மன்றத்தை அழுத்தியது. 1935 தேர்தலில் கூஜோன் கம்யூனிஸ்ட் வேட்பாளர்களிடம் தோற்றார். போருக்குப் பின், 1947இல், மக்கள் அவரையே மறுபடி மேயராக்கினார்கள். கடன் தீர்ந்தது, கட்டடம் நின்றது. இன்று அந்த நிழற்சாலையில் கடைகளும் காப்பிக் கடைகளும் நிறைந்திருக்கின்றன. வீடுகள் வாடகைக் குடியிருப்புகளாகவே தொடர்கின்றன. நகர மன்றத்துக்கும் உழைப்பு மாளிகைக்கும் இடையிலான சதுக்கத்துக்குக் கூஜோனின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

போரின் வடு

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை 1942 நவம்பரில் லியோன் பகுதிக்குள் நுழைந்தது. 1943 மார்ச் 1ஆம் தேதி வில்லர்பானின் தெருக்களில் ஆண்களைச் சுற்றிவளைத்துப் பிடித்தார்கள். பிடிபட்ட சுமார் 300 பேரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆஸ்திரியாவின் மௌட்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர், பலர் திரும்பவில்லை.

ஊரின் வடக்கே இருக்கும் லா துவா ராணுவத் திடலில் எதிர்ப்பு இயக்கத்தினர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். விடுதலைக்குப் பின் அங்கே எழுபதுக்கும் மேற்பட்டோரின் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. அந்த இடம் இப்போது தேசிய நினைவு மயானம்.

1944 ஆகஸ்ட் 24ஆம் தேதி வில்லர்பான் கிளர்ந்தெழுந்தது. குடியேறிய தொழிலாளிகள் நிறைந்த ‘கார்மஞோல்’ என்ற கம்யூனிஸ்ட் கெரில்லாக் குழு முன்னே நின்றது. மக்கள் தெருக்களில் தடுப்புகளை எழுப்பினார்கள். ஜெர்மன் படை கனரக ஆயுதங்களோடு திரும்பி வரவே, இரண்டு நாளில் எழுச்சி அடங்கியது. செப்டம்பர் 3ஆம் தேதி லியோனோடு சேர்ந்து வில்லர்பானும் விடுதலை பெற்றது.

பாரிஸிலிருந்து வந்த நாடக அரங்கு

புறநகரில் இருப்பவர்கள் நாடகமும் இசையும் வேண்டுமென்றால் பெருநகருக்குப் போவது வழக்கம். வில்லர்பான் இந்த வழக்கத்தைத் திருப்பிப்போட்டது. 1957இல் ரொஜே பிளான்ஷோன் என்ற இளம் இயக்குநர் தம் குழுவோடு லியோனிலிருந்து வந்து, உழைப்பு மாளிகையின் அரங்கைப் பொறுப்பேற்றார். ஷேக்ஸ்பியர், மோலியேர், பிரெஹ்ட் நாடகங்களைத் தொழிலாளிகள் நிறைந்த அவையில் நிகழ்த்தினார். ஆலைகளுக்கும் சங்கங்களுக்கும் நேரில் போய்ப் பார்வையாளர்களைத் திரட்டினார்.

பிரான்சில் ‘தேசிய மக்கள் நாடக அரங்கு’ என்ற நிறுவனம் 1920இல் ஃபிர்மான் ஜெமியேயால் பாரிஸில் தொடங்கப்பட்டது. 1951 முதல் 1963 வரை ஜான் விலார் அதன் பெயரை நாடெங்கும் பரப்பினார். 1972இல் அரசு இந்தப் பெயரையும் பொறுப்பையும் பாரிஸிலிருந்து எடுத்து வில்லர்பானுக்குக் கொடுத்தது. பிளான்ஷோனோடு பத்ரீஸ் ஷெரோவும் ரொபேர் ஜில்பேரும் இணைந்து நடத்தினார்கள். எல்லாமே தலைநகரில் குவிந்திருக்கும் நாட்டில், தேசிய அரங்கு ஒன்று தொழிலாளர் புறநகருக்கு இடம்பெயர்ந்தது பெரிய செய்தியாயிற்று. புதுப்பிக்கப்பட்ட அரங்கு 2011இல் மீண்டும் திறக்கப்பட்டது.

அரங்கைத் தொடர்ந்து மற்றவையும் வந்தன. சுவிஸ் கட்டடக் கலைஞர் மாரியோ போட்டா வடிவமைத்த நூல், படம், ஒலி இல்லம் 1988இல் திறக்கப்பட்டது. கட்டடத்தின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு வெளிச்சக் கூடம். அதைச் சுற்றி அடுக்கடுக்காக நூலகத் தளங்கள். சமகாலக் கலை நிறுவனம், அச்சுக்கலைப் பட்டறை, ‘திரான்ஸ்போர்தர்’ இசை அரங்கு, குடியேறிய மக்களின் நினைவுகளையும் நகர ஆவணங்களையும் காக்கும் ‘ரீஸ்’ மையம் ஆகியவையும் இங்கு உள்ளன. பிரான்ஸ் அரசு ‘பிரெஞ்சுப் பண்பாட்டுத் தலைநகரம்’ என்ற பட்டத்தை உருவாக்கியபோது, 2022ஆம் ஆண்டுக்காக முதன்முதலில் அதைப் பெற்ற நகரம் வில்லர்பான்.

ஆலை போய்க் கல்லூரி வந்தது

1970களுக்குப் பின் பிரான்சின் மற்ற தொழில் நகரங்களைப் போலவே இங்கும் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின அல்லது வெளியேறின. பல ஊர்கள் அந்த அடியிலிருந்து எழவில்லை. வில்லர்பானுக்குக் கைகொடுத்தது கல்வி.

லா துவா ராணுவ நிலத்தில் 1957இல் ‘இன்சா’ என்ற பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. பிரான்சில் உயர் பொறியியல் கல்லூரியில் சேர, பள்ளி முடித்தபின் இரண்டு ஆண்டு ஆயத்த வகுப்பில் படித்துப் போட்டித் தேர்வு எழுதுவதே வழக்கம். இன்சா அந்த வழியைத் தவிர்த்து, பள்ளி முடித்த மாணவரை நேரடியாகச் சேர்த்துப் பொறியாளராக்கியது. சாதாரணக் குடும்பப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறப்பதே நோக்கம். உடலியங்கியலறிஞர் குளோத் பெர்னாரின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தின் அறிவியல் துறைகளும் இதே வளாகத்தில் உள்ளன. வேதியியல் கல்லூரி, நூலகர்களுக்கான தேசியக் கல்லூரி, துகள் இயற்பியல் ஆய்வுகளின் தரவைக் கையாளும் தேசியக் கணினி மையம் என்று ஏறத்தாழ 100 ஹெக்டேரில் வளாகம் பரந்திருக்கிறது. மாணவர் எண்ணிக்கை 20,000க்கும் மேல். 2005இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஈவ் ஷோவான், இங்குள்ள வேதியியல் கல்லூரியின் முன்னோடி நிறுவனத்தில் பயின்றவர்.

போக்குவரத்தும் ஊரை மாற்றியது. லியோன் மெட்ரோ 1978இல் ஓடத் தொடங்கியபோதே அதன் முதல் தடம் வில்லர்பானின் குறுக்கே, எமில் ஜோலா சாலையின் கீழாகக் கியூசேவைத் தாண்டி அமைக்கப்பட்டது. 2001இல் டிராம் லா துவா வளாகத்தை எட்டியது. இன்று இங்கிருந்து லியோன் மையத்துக்குப் போக சில நிமிடங்கள் போதும்.

விளையாட்டு ரசிகர்களுக்கு இந்த ஊர் வேறொரு காரணத்தால் பரிச்சயம். 1948இல் உள்ளூர் விளையாட்டுச் சங்கமும் லியோன் சங்கம் ஒன்றும் இணைந்து உருவான ‘அஸ்வெல்’ கூடைப்பந்து அணி, பிரெஞ்சு வாகையர் பட்டத்தை வேறெந்த அணியையும்விட அதிக முறை வென்றிருக்கிறது. அமெரிக்காவின் என்பிஏ போட்டிகளில் புகழ்பெற்ற டோனி பார்க்கர் 2014இல் இதன் தலைவரானார்.

இணைந்தும் இணையாமலும்

எல்லைப் பூசல் முற்றிலும் தீர்ந்ததா என்றால், புதிய வடிவில் ஒரு தீர்வு கிடைத்திருக்கிறது. 1969 முதல் லியோனும் சுற்றியுள்ள ஊர்களும் ஒரு நகரக் கூட்டமைப்பாகச் செயல்பட்டன. 2015 ஜனவரி 1ஆம் தேதி அது ‘லியோன் மெத்ரோபோல்’ என்ற தனி அமைப்பானது. இப்போது 58 கம்யூன்கள் அதில் உள்ளன. மொத்த மக்கள்தொகை சுமார் 14 லட்சம். குடிநீர், குப்பை அகற்றுதல், சாலைகள், நிலப் பயன்பாட்டுத் திட்டம், சமூக நலன் ஆகியவை மெத்ரோபோலின் கையில் இருக்கின்றன. 2020 முதல் அதன் மன்றத்தையும் மக்கள் நேரடியாகவே தேர்ந்தெடுக்கிறார்கள். பள்ளிக்கூடம், பண்பாடு, விளையாட்டு, பதிவு அலுவலகம் முதலியன கம்யூனிடமே உள்ளன.

அரசியலில் வில்லர்பான் நூறாண்டுக்கும் மேலாக இடதுசாரிப் பக்கம் சாய்ந்த ஊர். மேயர்களில் வெளியுலகுக்குத் தெரிந்தவர் ஷார்ல் எர்னூ. 1977 முதல் 1990இல் இறக்கும்வரை மேயராக இருந்த இவர், 1981இல் பிரான்சின் பாதுகாப்பு அமைச்சரானார். நியூசிலாந்துத் துறைமுகத்தில் கிரீன்பீஸ் அமைப்பின் ‘ரெயின்போ வாரியர்’ கப்பலைப் பிரெஞ்சு உளவுத்துறை தகர்த்த விவகாரத்தில் 1985இல் பதவி விலகினார். அமைச்சர் பதவி போனபின்னும் வில்லர்பான் அவரைக் கைவிடவில்லை.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. நிலம் சிறியது, ஆள் நெருக்கம் அதிகம். சதுர கிலோமீட்டருக்கு 10,000 பேருக்கும் மேல். லியோனில் வாடகை உயர உயர, அங்கே தாக்குப்பிடிக்க முடியாதவர்கள் இங்கே வருகிறார்கள். அவர்களால் இங்கும் வாடகை ஏறுகிறது. மூடிய ஆலைகளின் நிலத்தில் அடுக்குமாடிகள் எழுகின்றன. மரநிழலும் திறந்தவெளியும் போதவில்லை. வடக்கே ரோன் கரையிலுள்ள ஃபேசின் இயற்கைப் பூங்காதான் ஊரின் பெரிய பசுமைப் பரப்பு. கிராத்-சியேலை வடக்கு நோக்கி நீட்டி வீடுகள், பள்ளி, கடைகளோடு நகர மையத்தை விரிவாக்கும் பணியும் நடந்துவருகிறது.

லியோனோடு இணைந்திருந்தால் வில்லர்பான் அந்நகரின் வட்டங்களில் ஒன்றாக, ஓர் எண்ணால் அழைக்கப்படும் பகுதியாக முடிந்திருக்கும். சொந்த மன்றமும் சொந்த வரவுசெலவும் இருந்ததால்தான் ஒரு மருத்துவர் மேயரால் தொழிலாளிக்கு வானளாவி கட்ட முடிந்தது. ஆலைத் தெருவுக்கு நடுவே தேசிய நாடக அரங்கைக் கொண்டுவந்து வைக்க முடிந்தது. புறநகர் என்றால் பெருநகரம் மிச்சம் வைத்ததை வாங்கிக்கொள்ளும் இடம் என்ற எண்ணத்தை இந்த ஊர் தன் செயலால் பொய்யாக்கியிருக்கிறது.